நம்ம வீடு (குடும்பக் குழு)

மாலதி அத்தை: நாளைக்குக் கயலுக்குப் பட்டிமன்றம். “நிலக்கரியை முதலில் கைவிட வேண்டியது வளர்ந்த நாடுகளா, வளரும் நாடுகளா?” அவ எழுதினது: “2025 ஜூலையில் இந்தியா பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. தேவையில்லை என்றது, கார்பன் கூடும்.” பெரியண்ணா, சரியா?

செந்தில்: அவரையா கேட்டீங்க 😄 விடிஞ்சிரும்

பெரியப்பா: அந்த வரியை அடிக்கச் சொல்லு. எஃப்.ஜி.டி.ங்கிறது அனல்மின் நிலையப் புகையில இருந்து கந்தகத்தைப் பிடிக்கிற கருவி, கார்பனுக்கு இல்ல. புகைமேல சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளிச்சா கந்தக டை ஆக்சைடு ஜிப்சமா இறங்கும். அந்த வினையில சுண்ணாம்புக்கல்லே கார்பன் டை ஆக்சைடை விடும். 64 கிலோ பிடிச்சா 44 கிலோ வெளியே. பம்பு ஓட்டுற கரண்ட் தனி. எஃப்.ஜி.டி. இல்லேன்னா கெடுறது நுரையீரல்.

ரவி சித்தப்பா: கார்பனுக்கு?

பெரியப்பா: ஐரோப்பாவுல 2005ல இருந்து கார்பன் சந்தை, அதாவது புகை விடுற உரிமையை விலைக்கு வாங்கி விக்கிற ஏற்பாடு. அங்கே மொத்தப் புகைக்கே உச்சவரம்பு, 2013ல இருந்து அது வருஷா வருஷம் குறையுது. சீனா 2021ல அதே மாதிரி சந்தை திறந்தப்போ ஒரு யூனிட் கரண்டுக்கு இவ்வளவுன்னுதான் வரம்பு. உற்பத்தி கூடினா மொத்தமும் கூடும். தேவை ஏறிட்டிருக்கிற நாடு அதைத்தான் ஒத்துக்கும்.

செந்தில்: பிரிட்டன் நிலக்கரி மின்நிலையத்தையெல்லாம் மூடிட்டானே

பெரியப்பா: 1882ல ஆரம்பிச்சு 2024 செப்டம்பர் 30ல கடைசி நிலையம் மூடுச்சு. 2013ல அந்த ஐரோப்பியச் சந்தை விலைக்கு மேல தனி கார்பன் வரி, 2016ல அது டன்னுக்கு 18 பவுண்டு. நிலக்கரி யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விடும், எரிவாயு அதுல பாதிகூட இல்ல. எரிவாயு நிலையம் தயாரா நின்னதால உடனே மாறினாங்க. மாத்து இல்லாத இடத்துல அதே வரி போட்டா பில்லுதான் ஏறும்.

ரவி சித்தப்பா: நம்ம ஊர்லயும் வரி இருந்துச்சே. 2010ல டன்னுக்கு 50 ரூபா, 2016ல 400.

பெரியப்பா: சுத்தமான எரிசக்திக்குன்னு வசூலிச்சாங்க. 2017ல ஜி.எஸ்.டி. இழப்பீட்டு வரியாக்கி மாநிலங்களுக்குத் திருப்பிட்டாங்க.

செந்தில்: கல்யாணத்துக்குன்னு வசூலிச்சு மாடி கட்டின மாதிரி

ரவி சித்தப்பா: டேய்

மாலதி அத்தை: கணக்கு இன்னும் வரலையே ரவி 🙂

ரவி சித்தப்பா: அது அண்ணாகிட்ட. கயலுக்கு ஒண்ணு: 2026 ஜனவரியில இருந்து ஐரோப்பாவுக்குப் போற இரும்பு, சிமென்ட், அலுமினியத்துக்குக் கார்பன் விலை உண்டு. இங்கே கட்டின கார்பன் விலையை அங்கே கழிச்சுக்கலாம்.

பெரியப்பா: என்கிட்ட எந்தக் கணக்கும் இல்ல.

செந்தில்: 🍿

மாலதி அத்தை: சண்டை அப்புறம். கயல் எந்த அணின்னு காலையில சீட்டு எடுத்துத்தான் சொல்வாங்களாம்.

பெரியப்பா: அப்போ ரெண்டுக்கும் எழுதித் தரேன்.

செந்தில்: போச்சு