பைசரனில் காவல் ஏன் இல்லை? குன்னூரில் எங்கள் தெருக் குழுவில் நடந்த உரையாடல்

12 மே 2025

டீச்சர் அக்கா, காலை 7.10
எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவுக்கு வந்த இரண்டு செய்திகளைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஒன்று, இந்தியா-பாகிஸ்தான் மோதலில் கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டது என்ற காணொளி. இன்னொன்று, ஊட்டியில் சால்வை விற்கும் காஷ்மீர்க்காரர்களிடம் யாரும் எதுவும் வாங்க வேண்டாம் என்ற வேண்டுகோள். முதலாவது பொய், சில தொலைக்காட்சிகள் இரவு முழுவதும் கூவிய அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை. இரண்டாவது அநியாயம். ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்ட 26 பேரில் ஒருவர், அங்கே குதிரைச் சவாரி நடத்திப் பிழைத்து வந்த காஷ்மீர் முஸ்லிம் இளைஞர். அவருடைய வீட்டிலும் இன்று அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

பேக்கரி அண்ணன், காலை 7.24
டீச்சர், நீங்கள் சொல்வது சரிதான். ஆனாலும் மதத்தைக் கேட்டுவிட்டு மனைவியின் கண்ணெதிரே கணவனைச் சுட்டுக் கொன்றார்கள் என்று கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

டாக்ஸி தம்பி, காலை 7.41
அண்ணா, அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தத் தாக்குதல் நடந்த பைசரன் புல்வெளிக்கு வண்டி போகாது. பஹல்காமிலிருந்து நடந்தோ குதிரையிலோதான் போக வேண்டும். சுற்றிலும் பைன் காடு. சீசன் நேரத்தில் தொட்டபெட்டாவுக்கும் பைன் காட்டுக்கும் தினமும் ஆட்களை ஏற்றிச் செல்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தனை பேர் கூடும் ஓர் இடத்தில், ராணுவம் நிறைந்த ஒரு பகுதியில், காவலுக்கு ஒருவர்கூட ஏன் இல்லை என்பதுதானே முதல் கேள்வி? 24ஆம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் குறைபாடு இருந்ததாக அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அதன்பின் எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலாவது அந்தக் கேள்வியை விடாமல் கேட்டார்களா? அந்தக் கூட்டத்துக்குப் பிரதமர் வரவில்லை. அதே நாளில் பீகாரில் மதுபனியில் மேடையேறிப் பேசினார்.

பேக்கரி அண்ணன், காலை 7.50
தம்பி, போர் நடக்கும் வேளையில் அரசைக் கேள்வி கேட்பது எதிரிக்கு உதவுவதாகிவிடும் என்று சொல்கிறார்களே?

ராணுவ மாமா, காலை 8.32
நான் சீருடை அணிந்து பணியாற்றியவன். அதனால் இதற்கு நானே பதில் சொல்கிறேன். 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் பத்துப் பேர் புகுந்து 166 பேரைக் கொன்றபோது, தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் தில்லிப் பக்கத்திலிருந்து வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒரே வாரத்தில் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, பயங்கரவாதிகள் மீது இருந்த அதே அளவு ஆத்திரத்தை அரசியல்வாதிகள் மீதும் காட்டினார்கள். உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். எரிந்து கிடந்த தாஜ் ஹோட்டலைப் பார்வையிடத் தன் நடிகர் மகனையும் ஒரு திரைப்பட இயக்குநரையும் உடன் அழைத்துச் சென்ற மகாராஷ்டிர முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும் விலக நேர்ந்தது. தாஜில் வீரமரணம் அடைந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் தந்தை, துக்கம் விசாரிக்க வந்த கேரள முதலமைச்சரை வீட்டுக்குள் விட மறுத்தார். அன்று கேள்வி கேட்டவர்கள் எதிரிக்கு உதவவில்லை. அந்தக் கேள்விகளால்தான் என்.ஐ.ஏ. என்ற தேசியப் புலனாய்வு முகமை பிறந்தது; 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் பாதுகாப்புப் படைக்கு மையங்கள் அமைந்தன.

எதிரிக்கு உதவுவது எது என்றும் அன்றே தெரிந்தது. கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் உட்கார்ந்து தாக்குதலை இயக்கியவர்கள் அதைப் பார்த்துத் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தார்கள். 2012இல், உயிரோடு பிடிபட்ட பயங்கரவாதி கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இதைக் கடுமையாகக் கண்டித்தது.

டீச்சர் அக்கா, காலை 8.47
மாமா சொன்னதோடு நம் ஊரிலேயே நடந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, குடத்தில் தண்ணீரும் வீட்டிலிருந்த கம்பளியும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். விசாரணை தொடங்குவதற்கு முன்பே சதி என்று சிலர் பேசித் தீர்த்தார்கள். மேகமூட்டத்தில் விமானி திசை தடுமாறியதே காரணம் என்று அடுத்த மாதம் விமானப்படை அறிவித்தது; சதி சதி என்றவர்கள் அதை எத்தனை பேருக்குச் சொன்னார்கள்?

இப்போதும் அதே கதைதான். காஷ்மீர் எல்லையோரப் பூஞ்சில் பாகிஸ்தான் வீசிய குண்டில் இறந்துபோன ஒரு மதரசா ஆசிரியரைச் சில தொலைக்காட்சிகள் பயங்கரவாதி என்று அறிவித்தன. மாவட்டக் காவல்துறை அதை மறுத்தது. உயிரையும் பறிகொடுத்துப் பெயரையும் பறிகொடுத்த அந்தக் குடும்பத்தின் நிலையை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை. முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட, பஹல்காமில் கொல்லப்பட்ட கடற்படை அதிகாரியின் மனைவியை, கணவனை இழந்து இரண்டு வாரம்கூட ஆகாத அந்தப் பெண்ணை, இணையத்தில் எப்படியெல்லாம் ஏசினார்கள்! அவரைக் காட்டிக் காட்டிப் பார்வையாளர்களைச் சேர்த்த தொலைக்காட்சிகளில் எத்தனை அவருக்காக வாய் திறந்தன?

பேக்கரி அண்ணன், காலை 9.05
சால்வைக் கடை பற்றிய அந்தச் செய்தியை நம் குழுவிலிருந்து நீக்கிவிடலாம் என்று நானும் சொல்கிறேன், டீச்சர்.

ராணுவ மாமா, காலை 9.12
நீக்கிவிட்டேன். தொலைக்காட்சித் துணுக்குகளை இனி இங்கே பகிர வேண்டாம். எல்லையில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு வதந்தியும் அந்தத் தாய்மாரின் வயிற்றில்தான் நெருப்பைக் கட்டுகிறது.

டாக்ஸி தம்பி, காலை 9.20
மாமா, பைசரனில் காவல் ஏன் இல்லை, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு நம் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவோம். டீச்சர் எழுதிக் கொடுத்தால், சாயங்காலம் சவாரி முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

டீச்சர் அக்கா, காலை 9.26
மதியத்துக்குள் எழுதி அனுப்புகிறேன், தம்பி. பதில் வரும்வரை மாதம் ஒரு கடிதம் போகட்டும்.