கொழும்புப் புகையால் கேன்சர் வருமா, வராதா?

ஆமர்வீதிக்காரன்
ஆமர் வீதியில சின்னதா ஒரு ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிறேன். விடியத் திறந்தா ராத்திரி வரைக்கும் ரோட்டைப் பார்த்தபடிதான் இருக்கை. போன மாதம் எங்கட மாமிக்கு நுரையீரல்ல கேன்சர் எண்டு சொல்லிட்டாங்க. கொட்டாஞ்சேனையில மெயின் ரோட்டோரமா நாற்பது வருஷம் இருந்தவ. சிகரட்டும் இல்ல, வெத்திலையும் இல்ல. இந்தப் புகைதான் காரணமோ எண்டு வீட்டில ஒரே கதை. விஷயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை
மாமி சுகமாகட்டும் அண்ணே. ஆனால் ஒருவருக்கு வந்த நோயைப் பார்த்து, இது புகையால்தான் வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது.

புகை கெட்டது, அதில் எனக்கு வாதம் இல்லை. எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதில்தான் வாதம். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் பார்த்தபோது, பிஎம் 2.5 என்கிற நுண்தூசி ஒரு கனமீற்றர் காற்றில் 10 மைக்ரோகிராம் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 9 வீதம் கூடுவதாக வந்தது. சிகரட் பிடிப்பவருக்கு அதே ஆபத்து 15 முதல் 30 மடங்கு. வீதம் எங்கே, மடங்கு எங்கே?

நம் நாட்டு ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வருவது. கையில் இருக்கிற காசும் நேரமும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

மருதானை நர்ஸ்
கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் எண்கள் சரி. அவற்றை வைத்து நீங்கள் வந்து சேர்கிற இடம் சரியில்லை.

சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையையும், 2013 ஒக்டோபரில் வெளிக்காற்று மாசையும் முதலாம் தொகுதியில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை மட்டும் இருக்கிற தொகுதி அது. "வருமா, வராதா" என்ற கேள்வி அன்றோடு முடிந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை
தங்கச்சி, அதே முதலாம் தொகுதியில் 2015இல் சொசேஜையும் பேக்கனையும் சேர்த்தார்கள். சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லாது. இதை விளங்கிக்கொள்ளாமல் "புகையும் சிகரட்டும் ஒன்று" என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஊரைப் பயமுறுத்துகிறார்கள்.

இன்னொன்று. வெளிக்காற்று மாசால் 2019இல் உலகெங்கும் 42 இலட்சம் பேர் காலத்துக்கு முன்னமே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் நுரையீரல் புற்றுநோயின் பங்கு ஏறக்குறைய 4 வீதம்தான். மாரடைப்பும் பாரிசவாதமும் சேர்ந்து 68 வீதம். புகையைப் பற்றிப் பேசுவதென்றால் இதயத்தைப் பற்றிப் பேசுங்கள்.

ஓட்டோ சாரதி
நீங்க ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள். நான் கோட்டை ஸ்டேஷன் முன்னுக்கு ஹயருக்கு நிக்கிறவன். பின்னேரம் மூக்கைச் சிந்தினா லேஞ்சி கறுப்பா வருது. பஸ்காரன் ஆக்கள் நிரம்பும் வரைக்கும் எஞ்சினை நிப்பாட்ட மாட்டான், சைலன்சர் நேரா எங்கட முகத்துக்கு. வீதத்தை வச்சு நான் என்ன செய்ய? 2008இல டூ ஸ்ட்ரோக் ஓட்டோவ இறக்க வேணாம் எண்டு தடுத்தாங்க, சரி, நாங்க மாறிட்டம். பழைய பஸ்ஸுக்கும் லொறிக்கும் யார் கேக்கிறது?

மருதானை நர்ஸ்
தம்பி கேட்டதுதான் கேள்வி. கணக்குப்பிள்ளை அண்ணாவுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகரட்டை ஒருவர் விடலாம். வெற்றிலையையும் விடலாம், கஷ்டமென்றாலும் விடலாம். மூச்சை விட முடியுமா? மேல் மாகாணத்தில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறோம். கைக்குழந்தையும் சேர்த்து எல்லோரும் இழுக்கிற காற்று இது. தனி ஆளுக்குச் சிறிதாகத் தெரிகிற ஆபத்தை இத்தனை பேருக்கும் பெருக்கிப் பாருங்கள். அண்ணா, கணக்கு உங்கள் பக்கம் நிற்காது.

எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். பிஎம் 2.5 துகள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு மயிருக்கும் சளிக்கும் அகப்படாமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். டீசல் கரியில் பென்சோபைரீன் போன்ற இரசாயனங்கள் ஒட்டியிருக்கும், மரபணுவைச் சேதமாக்குகிறவை. இது பழைய விளக்கம். 2023இல் இலண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்து ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். வயது போகப்போக நம் நுரையீரலில் ஈஜிஎப்ஆர் என்ற மரபணு பழுதான கலங்கள் ஒன்றிரண்டு தானாகவே உண்டாகின்றன. அவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலே கிடக்கும். நுண்தூசி உள்ளே போனதும் அங்கே அழற்சி கிளம்புகிறது, அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின் 1 பீற்றா என்ற புரதம் சுரக்கிறது, கிடந்த கலம் வளரத் தொடங்குகிறது. புகைக்காதவர்களுக்கு, அதிலும் ஆசியப் பெண்களுக்கு, வருகிற நுரையீரல் புற்றுநோயில் இந்த ஈஜிஎப்ஆர் மாற்றம் அடிக்கடி காணப்படுவது. "சிகரட் இல்லை, பிறகு எப்படி?" என்று கேட்கிற குடும்பங்களுக்கு இதற்கு முன் சொல்லப் பதில் இருக்கவில்லை.

இதயத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேசுவோம். மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் காரணமாகிற அதே தூசிதான் புற்றுநோயையும் தருகிறது. புகையைக் குறைத்தால் எல்லாம் சேர்ந்து குறையும். வெற்றிலைக்கு எதிராகச் செலவழிப்பதா, புகைக்கு எதிராகவா என்று ஏன் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும்?

வெள்ளவத்தை அக்கா
பஸ்ஸை மட்டும் சொல்லுறீங்கள். எங்கட லேனில விடியக் காலமை குப்பையைக் கூட்டிப் பொலித்தீனோட எரிக்கினம். வீட்டுக்குள்ள நுளம்புத்திரி, சாம்பிராணி, யன்னலும் பூட்டு. காலி வீதிப் பக்க யன்னலைத் திறந்தா ஃபேன் செட்டையில ரெண்டு நாளில கறுப்பா பிசுபிசு எண்டு ஒட்டுது. துடைச்சா போகாது, சவர்க்காரம் போட வேணும். கடல் பக்க அறையில அப்பிடி இல்லை, சும்மா மண்தூசிதான்.

கணக்குப்பிள்ளை
அக்கா கடலைச் சொன்னது நல்லது. கொழும்பு டெல்லி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல்காற்று நகரத்தைக் கழுவிவிடுகிறது. 2002இல் ஈயப் பெற்றோலை நிறுத்தினோம், 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை வந்தது. ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதுவது நியாயம் இல்லை.

மருதானை நர்ஸ்
கடல்காற்றுக்கு நன்றி. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் காற்று மறுபக்கத்திலிருந்து வருகிறது. 2022 டிசம்பரில் இந்தியாவிலிருந்து வந்த மாசு படர்ந்து, பாடசாலைகளுக்கே ஒரு நாள் லீவு விட்டார்களே!

சட்டத்தையும் பாருங்கள். 2008 வர்த்தமானிப்படி நம் நாட்டில் பிஎம் 2.5 வருடச் சராசரி 25 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை 5. ஐந்து மடங்கை அனுமதித்துவிட்டு "வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை விட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் சொன்ன 9 வீதத்தைக்கூட இந்த 20 மைக்ரோகிராம் வித்தியாசத்துக்குப் போட்டால் கிட்டத்தட்ட 19 வீதம் வரும்.

ஓட்டோ சாரதி
புகைப் பரிசோதனை பற்றி ஒண்டு. டெஸ்டுக்குப் போற அண்டைக்கு டீசல் பம்பைக் குறைச்சு வைப்பாங்க, சேர்ட்டிபிக்கட் கையில வந்ததும் திரும்பக் கூட்டுவாங்க. லைனில நிக்கிற எல்லாருக்கும் தெரியும். ரோட்டில வச்சுத் திடீரெண்டு பிடிச்சாத்தான் சரிவரும்.

கணக்குப்பிள்ளை
ரோட்டில் பிடிப்பதற்கு நான் முழு ஆதரவு. ஸ்டாண்டில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்வதற்கும்தான்; அதற்குச் செலவே இல்லை. ஆனால் "புகையால் கேன்சர்" என்று தலைப்புப் போட்டால், வாய்ப் புற்றுநோய்க்கு முன் அறிகுறியாகக்கூடிய வெள்ளைத் தழும்போடு இருக்கிற மனிதர் அதைக் காட்டப் போகாமல் பஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பார். என் பயம் அதுதான், அதை விடமாட்டேன்.

ஆமர்வீதிக்காரன்
எல்லாருக்கும் நன்றி. கடைக்குள்ள துணி மாஸ்க் போட்டா காணுமா? மாமிட விஷயத்தில நாங்க என்ன கேக்கலாம்?

மருதானை நர்ஸ்
துணி மாஸ்க் இந்தத் தூசியைப் பெரிதாகத் தடுக்காது அண்ணா. என்95 முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால் தடுக்கும். நாள் முழுக்கப் போட ஏலாது. பஸ், லொறி நெரிசல் கூடின நேரத்துக்காவது போடுங்கள். காசு மேசையை வாசலிலிருந்து உள்ளே தள்ளிப் போடுங்கள்.

மாமிக்கு: பயொப்சி, அதாவது கட்டியில் சிறு துண்டு, எடுத்திருந்தால் ஈஜிஎப்ஆர் பரிசோதனை செய்தார்களா என்று டொக்டரிடம் கேளுங்கள். அந்த மாற்றம் இருந்தால் அதற்கென்றே குளிசைகள் இருக்கின்றன. கிளினிக்குக் கொண்டுபோக அந்தப் பெயரை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.