சட்டை கம்முக்கட்டுல மஞ்சக் கறை, ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணும், உதவுங்க

பைக்குல போறவன் (புதன், இரவு 10.12)
எல்லாருக்கும் வணக்கம், அவசரம். சட்டையில கைக்கு அடியில, கம்முக்கட்டுகிட்ட மஞ்சளா கறை பிடிச்சு கெடக்கு, தொட்டா அட்டை மாதிரி வெறப்பா இருக்கு, எவ்வளவு அலக்கியும் போகல. ஞாயித்துக்கிழமை கல்யாணம், அந்த சட்டைதான் போடணும். எதுல போட்டா போகும், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மக்கா77 (10.15)
கல்யாணம் உனக்கா லே?

இரணியல் அக்கா (10.21)
தம்பி, என்ன கலர் சட்டை? காட்டனா பாலிஸ்டரா? இதுவரைக்கும் என்னெல்லாம் போட்டு பாத்த? இதெல்லாம் சொல்லாம எதச் சொல்லியது, வெள்ளைக்கு ஒரு வழி, கலருக்கு வேற வழி.

கடியபட்டணம் (10.24)
இது கறையே இல்ல, வெள்ளம், அலக்குற தண்ணிதான் காரணம். எங்க வீட்டு போர் வெள்ளத்துல இரும்பு சாஸ்தி, நாலு அலக்குல வெள்ளை வேட்டி சாயா வடிகட்டுன துணி மாதிரி ஆயிரும். சோப்பத் திட்டாத, சோப்ப மாத்தாத, வெள்ளத்த மாத்து. எந்த ஊரு நீ, வீட்டுல போரா கிணறா?

லேப் அண்ணாச்சி (10.31)
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வாறாங்க. மேல தேடுற பெட்டி ஒண்ணு இருக்கு, அத அலங்காரத்துக்கு வைக்கல. சரி வந்துட்டீங்க. "கறை"ன்னு மட்டும் சொன்னா மருத்துவர்கிட்ட போய் "வலிக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு எழும்பி வாற கதைதான். நீங்க தேய்க்கது டியோடரன்ட்டா, ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டா? ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சீங்கன்னா கோளாறே அங்கனதான் இருக்கு. டியோடரன்ட் நாத்தத்த மட்டும் அடக்கும், வேர்க்கியத நிறுத்தாது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல அலுமினிய உப்பு உண்டு, வேர்வைத் துவாரத்த கொஞ்ச நேரம் அடைச்சு வைக்கியது அதுதான். அந்த உப்பும் உங்க வேர்வையும் உடம்பு எண்ணெயும் சேந்து நூலுக்குள்ள இறுகுனா மஞ்சளாவும் வரும், வெறப்பாவும் வரும். குப்பிக்குப் பொறத்தால பொடி எழுத்துல அலுமினியம்னு இருக்கான்னு வாசிச்சுட்டு வந்து பேசுங்க.

@கடியபட்டணம், வெள்ளத்துல இரும்பு இருந்தா சட்டை முழுக்க மஞ்சளாகும். கம்முக்கட்ட மட்டும் தேடிப் பிடிச்சு மஞ்சளாக்க வெள்ளத்துக்கு என்ன வேண்டுதலா?

கடியபட்டணம் (10.33)
அண்ணாச்சி நீங்க எங்க ஊருக்கு வந்து ஒரு நாள் குளிச்சுப் பாருங்க.

பால்வெட்டு குலசேகரம் (10.40)
தம்பி கவலைப்படாத, எங்க வீட்டுல ஷீட் அடிக்க ரப்பர் பால உறைய வைக்கியதுக்கு ஆசிட் வச்சிருக்கோம், பார்மிக், அதுல ரெண்டு சொட்டு விட்டா எந்தக் கறையும் நிக்காது. எங்க மாமா பாத்ரூம் தரையில போட்டாரு, பளபளன்னு ஆச்சு.

இரணியல் அக்கா (10.42)
ஐயோ வேண்டாம்! அது கையில பட்டாலே பொள்ளிப் போவும். தரையும் சட்டையும் ஒண்ணா? பிள்ள ஏதோ அவசரத்துல செஞ்சு வச்சிரப் போறான்.

பால்வெட்டு குலசேகரம் (10.44)
தண்ணி கலந்துதான் சொன்னேன் அக்கா. சரி விடுங்க.

தோவாளை பிச்சி (10.52)
வினிகரும் ஆப்பசோடாவும் ஒண்ணா கலந்து கறை மேல ஊத்துங்க, புஸ்ஸுன்னு நுரை வரும் பாருங்க, அந்த நுரைதான் அழுக்க இழுத்துட்டு வருது, நான் எப்பவும் இப்படித்தான், மிக்சி ஜாருக்கும் இதேதான்.

லேப் அண்ணாச்சி (10.58)
அம்மா, அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு, பெட்டிக்கடை சோடா குப்பியில இருக்கதுதான். வினிகர் அமிலம், சோடா காரம், ரெண்டையும் ஒரே நேரத்துல கலந்தா ஒண்ண ஒண்ணு தின்னுட்டு கடைசில கொஞ்சம் உப்புத்தண்ணி மிச்சம். பாக்க அழகா இருக்கும், அவ்வளவுதான். தனித்தனியா போட்டாதான் ரெண்டுக்கும் வேலை. அலுமினிய உப்ப கரைக்கியது அமிலம், எண்ணெயையும் அழுக்கையும் இளக்கியது காரம்.

தோவாளை பிச்சி (11.03)
எனக்குப் போச்சே அண்ணாச்சி, நான் பொய்யா சொல்லுகேன்?

லேப் அண்ணாச்சி (11.05)
தேய்ச்ச கைக்குப் போயிருக்கும்.

மக்கா77 (11.06)
😂 கேள்வி கேட்டவன் எங்கலே? ஒறங்கிட்டானா?

பைக்குல போறவன் (வியாழன், காலை 7.35)
சாரி, ஒறங்கிட்டேன். கல்யாணம் எனக்கில்ல, மச்சானுக்கு. மெடிக்கல் ரெப் வேலை, தினமும் நாரோயில்ல இருந்து மார்த்தாண்டம், கருங்கல்னு பைக்குல சுத்தணும், நல்லா வேர்க்கும், அதனால ரோலான் கொஞ்சம் அதிகமாவே போடுவேன். குப்பியில அலுமினியம் குளோரோஹைட்ரேட்னு இருக்கு. சட்டை ரெண்டு, வெள்ளை ஒண்ணு இளநீலம் ஒண்ணு, ரெண்டும் காட்டன். நேத்து முன்னாடி நாள் வெள்ளைச் சட்டைக்கு ப்ளீச் ஊத்தி சுடுவெள்ளத்துல ராத்திரி முழுக்க ஊற வச்சேன், இன்னும் மஞ்சளாச்சு, பொறவு அயன் பண்ணிப் பாத்தேன், அதுவும் சரியாவல.

இரணியல் அக்கா (7.50)
இதத்தான் தம்பி நேத்தே கேட்டேன்.

வடசேரி தேய்ப்புக்கடை (8.20)
இப்ப விஷயம் வந்திருக்கு. வருஷக்கணக்கா தேய்ப்புக்கடை வச்சிருக்கேன், வாரத்துக்கு பத்து சட்டை இப்படித்தான் வரும், எல்லாரும் நீ செஞ்ச மூணையும் செஞ்சுட்டுதான் கொண்டு வருவாங்க. குளோரின் ப்ளீச் இந்தக் கறைக்கு ஆகவே ஆகாது, மஞ்சள கூட்டத்தான் செய்யும். சுடுவெள்ளமும் இஸ்திரிப்பெட்டியும் கறைய நூலுக்குள்ள உறைய வைக்கும். கறை போச்சுன்னு கண்ணால பாத்த பொறவுதான் தேய்க்கணும், அதுக்கு முன்ன தேய்ச்சா நாங்களும் ஒண்ணும் செய்யியதுக்கு இல்ல. இருந்தாலும் காட்டன்தானே, பாதிக்கு மேல போகும், முயற்சி பண்ணு.

மொதல்ல வெள்ளைச் சட்டைய பச்சவெள்ளத்துல நாலஞ்சு வாட்டி நல்லா அலசு, ப்ளீச் வாசமே இருக்கப்படாது. இது ரொம்ப முக்கியம், ப்ளீச் இருக்க துணியில வினிகர் பட்டா குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும், பாத்ரூம் கதவ அடைச்சுக்கிட்டு செஞ்சா ஆபத்து. பொறவு சட்டைய உள்பொறம் வெளிய வாற மாதிரி திருப்பு, கறை இருக்கது உள்ளதான். வினிகர் ஒரு பங்கு, வெள்ளம் ரெண்டு பங்கு, ஒரு மணிக்கூர் ஊற வை. நல்லா அலசு. அப்புறம் மெடிக்கல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கு, 6 சதவீதம்னு போட்டிருந்தா சம அளவு வெள்ளம் சேத்துக்கோ, அதுல ஆப்பசோடாவ குழைச்சு களிம்பு மாதிரி கறையில பூசு, அரை மணிக்கூர் கழிச்சு பழைய பல்லு பிரஷால பைய தேய். முரட்டுத்தனமா தேய்ச்சா நூல் பிஞ்சு அந்த இடம் வலை மாதிரி ஆயிரும். சாதா சோப்புப்பொடியில அலக்கி காயப் போடு. மிச்சம் இருந்தா மறுக்கா ஒரு தடவை, இஸ்திரி போடாம.

நடுவுல அலசாம வினிகர் மேலயே பெராக்சைடு ஊத்தப்படாது, அதுவும் கண்ணு மூக்கு எரியும்.

நீலத்துக்கு பெராக்சைடு பூசுனா கலர் வெளுக்கலாம். வினிகர் மட்டும் போடு, பொறவு ஆக்சிஜன் ப்ளீச்னு வருதே வேனிஷ் மாதிரி, அத இளஞ்சூட்டு வெள்ளத்துல கலக்கி ஊற வை. எதுன்னாலும் முன்ன கீழ்மடிப்புக்குள்ள ஒரு சொட்டு விட்டுப் பாரு.

பைக்குல போறவன் (8.31)
ரொம்ப நன்றி அண்ணே. இன்னைக்கு ரூட்டு தக்கலை, சாயங்காலம் வந்து செய்யுதேன்.

கொச்சு மாமா (9.10)
இந்த ரோலான் கருமாந்தரமெல்லாம் எதுக்கு, படிகாரக்கல்ல நனைச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா நாத்தமும் வராது கறையும் வராது, கெமிக்கல் கிடையாது அலுமினியம் கிடையாது, சவரக்கடையில தாடையில தேய்க்காங்கல்லா அதே கல்லு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் அதுதான், ஒரு கறை கிடையாது.

லேப் அண்ணாச்சி (9.18)
படிகாரம்னா என்னன்னு தெரியுமா? பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பேருக்குள்ளயே அலுமினியம் உக்காந்திருக்கு.

கொச்சு மாமா (9.25)
அது இயற்கை அலுமினியம்.

லேப் அண்ணாச்சி (9.26)
🙏

மக்கா77 (9.27)
அப்பம் ரோலான்ல இருக்கது செயற்கை அலுமினியமா, பிளாஸ்டிக்குல செஞ்சதா?

கொச்சு மாமா (9.41)
சிரிங்க சிரிங்க. குளத்து வெள்ளம் கலங்குனா படிகாரம் போட்டு தெளிய வச்சுக் குடிச்ச ஆளுங்க நாங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆகல.

லேப் அண்ணாச்சி (9.55)
குடிக்கக் கூடாதுன்னோ தேய்க்கக் கூடாதுன்னோ நான் சொல்லல. கல்ல தேய்ச்சாலும் நாத்தம் கொறையும், அது உண்மை, கிருமி பெருகாம பாத்துக்கிடும். வேர்வைக்குன்னு தனியா பெரிய நாத்தம் இல்ல, தோல்ல இருக்க கிருமி அத தின்னு வைக்கியதுதான் நாத்தம். நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, "அலுமினியம் கிடையாது"ன்னு சொல்லாதீங்க. அப்புறம் ஒரு சந்தேகம், தாத்தா சட்டை போடுவாரா?

கொச்சு மாமா (10.02)
துண்டுதான். எதுக்கு கேக்குதீங்க?

மக்கா77 (10.03)
😂😂😂 கறை இல்லாததுக்கு காரணம் கண்டுபிடிச்சாச்சு

இரணியல் அக்கா (10.30)
பெரியவர கேலி பண்ணாதீங்க. தம்பி, கறை போக்கியத விட வராம பாக்கியதுதான் லேசு. எங்க வீட்டுல அவரு இதே கதைதான், நாலு சட்டைய தரை துடைக்க எடுத்த பொறவுதான் புத்தி வந்துச்சு. குளிச்சுட்டு ஈரத்தோட ரோலான் தேய்க்கப்படாது, நல்லா துடைச்சிட்டு மெல்லிசா ஒரு வாட்டி போதும், காய்ஞ்ச பொறவு சட்டை போடணும். அவசரத்துல அப்பிக்கிட்டு உடனே சட்டைய மாட்டுனா பாதி மருந்து சட்டைக்குத்தான் போவும். இன்னும் நல்லது ராத்திரி படுக்கதுக்கு முன்ன போடியது, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் ராத்திரி போட்டாதான் நல்லா வேலை செய்யும், காலையில குளிச்சாலும் போவாது. உள்ள கை வச்ச பனியன் போடு. சாயங்காலம் வந்ததும் சட்டைய ஆணியில மாட்டாம அந்த இடத்த மட்டுமாவது வெள்ளத்துல ஒரு அலசு அலசிப் போடு, அழுக்குக் கூடையில ஒரு வாரம் கெடந்தா முடிஞ்சுது. இதெல்லாம் வேண்டாம்னா அலுமினியம் இல்லாத டியோ வாங்கு, வேர்க்கும், ஆனா மஞ்சளாகாது, கொஞ்சம் ஆனாலும் லேசா போயிரும்.

தோவாளை பிச்சி (10.48)
வெள்ளைக்கு நீலம் போட்டா போதாதா? எதுக்கு இம்புட்டு?

வடசேரி தேய்ப்புக்கடை (11.15)
நீலம் கறைய எடுக்காதும்மா, கண்ணுக்கு மறைக்கும். மஞ்சள் மேல நீலம் ஏறும்போது கண்ணு அத வெள்ளைன்னு நம்பும், அவ்வளவுதான். கறை இறுகுன இடத்துல நீலம் ஒரே மாதிரி பிடிக்காது, திட்டுத் திட்டா பச்சை கலந்த சாம்பலா நிக்கும். கறை போன பொறவு கடைசி அலசல்ல போடலாம்.

கடியபட்டணம் (11.40)
யாரும் வெள்ளத்தப் பத்தி பேச மாட்டேங்கியீங்க.

வடசேரி தேய்ப்புக்கடை (11.52)
நீங்க சொல்லியதிலயும் ஞாயம் உண்டு அண்ணே. இரும்பு வெள்ளத்துல ப்ளீச் போட்டா துரு நெறம் ஏறும், அது வேற நோய். அதுக்கு எலுமிச்சம்பழம் இல்லன்னா சிட்ரிக் ஆசிட். ஆனா தம்பிக்கு அது இல்ல.

பீச் ரோடு (மதியம் 1.20)
கம்முக்கட்டுன்னு எழுதியிருக்கீங்க, கக்கம்னுதானே சொல்லுவோம்? சென்னையில அக்குள்.

மக்கா77 (1.22)
எங்க வீட்டுல கம்முக்கூடு.

பால்வெட்டு குலசேகரம் (1.30)
கக்கம். கிழக்க உள்ளவங்கதான் கம்முக்கட்டும்பாங்க.

கொச்சு மாமா (1.34)
நான் தக்கலை, நாங்களும் கம்முக்கட்டுதான். கிழக்க மேற்க எல்லாம் இதுல இல்ல.

லேப் அண்ணாச்சி (1.50)
இழை சட்டையப் பத்தி. வார்த்தைக்கு தனி இழை தொடங்குங்க.

பீச் ரோடு (1.52)
நீங்க வீட்டுல எப்படி சொல்லுவீங்க அண்ணாச்சி?

லேப் அண்ணாச்சி (2.10)
கக்கம்.

பைக்குல போறவன் (வெள்ளி, இரவு 9.47)
வினிகர்ல வெறப்பு போயிட்டு. களிம்பு ரெண்டு வாட்டி போட்டேன், வெள்ளையில இன்னும் லேசா நெழல் மாதிரி இருக்கு. நீலம் சூப்பரா போச்சு. மழை, காயல, ஃபேன் கீழ போட்டிருக்கேன்.

வடசேரி தேய்ப்புக்கடை (9.55)
இஸ்திரி போட்டு தேய்ச்சியா?

வடசேரி தேய்ப்புக்கடை (சனி, காலை 8.05)
தம்பி, வெள்ளைய தேய்ச்சியா இல்லியா? தேய்க்கலன்னா இன்னொரு தடவை பாக்கலாம், சட்டைய கடைக்கு கொண்டு வா.

பைக்குல போறவன் (ஞாயிறு, காலை 6.20)
நீலம் போட்டுட்டுப் போறேன். எல்லாருக்கும் நன்றி.

இரணியல் அக்கா (6.45)
நீலத்துக்கு வினிகர் மட்டும் போட்டியா, ஆக்சிஜன் ப்ளீச்சும் போட்டியா? எவ்வளவு நேரம்? சொல்லிட்டுப் போ தம்பி, அடுத்தாப்ல வாறவங்களுக்கு உதவும்.

லேப் அண்ணாச்சி (பகல் 12.30)
பதில் வராது. கல்யாணப் பந்தியில அடப்பிரதமன் பாயாசத்துக்கு மட்டிப்பழம் பிசைஞ்சுக்கிட்டு இருப்பான்.

மக்கா77 (12.31)
அந்தக் கையோட நீலச் சட்டையத் தொடாம இருந்தா சரி.