சாப்பிடும் சிப்பாய், சவரம் செய்யும் சிப்பாய்: 1/35 ஃபிகர்களோடு என் அனுபவம்

மாடல் செய்கிறவர்களுக்கான இந்த இழையில், உங்களுக்குப் பிடித்த ஃபிகர் செட் (நாமே ஒட்டி வண்ணம் அடிக்கும், நிஜத்தில் 35இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகள்) எது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நிறையப் பேர் தாக்குதல் காட்சிகளைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். என் அலமாரியில் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்க்கிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள், சவரம் செய்கிறார்கள், பெட்ரோல் நிரப்புகிறார்கள், சேற்றில் மாட்டிய வண்டியைத் தள்ளுகிறார்கள், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் வேண்டும். ராணுவத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது காத்திருந்ததைப் பற்றித்தான். அந்தக் காத்திருப்பு மாடல்களில் அவ்வளவாக வருவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

அப்படிப்பட்ட கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டி) இல்லாமல் இல்லை. ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா 1968இல் மிலிட்டரி மினியேச்சர்ஸ் வரிசையைத் தொடங்கியபோது முதல் எண்ணே ஒரு ஜெர்மன் டாங்கிக் குழுவினர் செட்டுக்குத்தான். (1/35 என்ற அளவே 1960களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதால் அமைந்துபோனது. அதையே இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறோம்.) அதே வரிசையில் பிறகு ஓய்வெடுக்கும் வீரர்கள், களச் சமையல் வண்டி எல்லாம் வந்தன. இப்போது இந்த விஷயத்தில் கொடிகட்டிப் பறப்பது உக்ரைன் நிறுவனங்கள். மினிஆர்ட்டில் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டிஷ் வீரர்கள் உண்டு, இளைப்பாறும் சோவியத் வீரர்கள் உண்டு. மாஸ்டர் பாக்ஸில் பிரிட்டிஷ், அமெரிக்க பாராசூட் வீரர்கள் தங்களுக்குள் நட்புக்காகக் குத்துச்சண்டை போடுகிற செட்டே இருக்கிறது.

சண்டை ஃபிகர் சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் உடம்பு மொத்தமும் ஒரே வேலையில் இருக்கும். ஓடுகிறான் அல்லது சுடுகிறான், முகத்தில் பாதியை ஹெல்மெட் மறைத்துவிடும். ஓய்வில் இருக்கிறவனுக்கு அப்படி எந்த மறைப்பும் இல்லை. தோள் தளர்ந்திருக்கிறதா, விரல் டம்ளரைப் பிடித்திருக்கிறதா இல்லை டம்ளர் விரலில் ஒட்டியிருக்கிறதா, பார்வை எங்கே போகிறது என்று எல்லாமே வெளியே தெரிந்துவிடும்.

ஜெர்ரி கேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர்கள் 1930களில் வடிவமைத்த 20 லிட்டர் தகர கேன். இரண்டாம் உலகப் போரின்போது எதிரணியினரும் அதைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். மேலே மூன்று கைப்பிடிகள் இருக்கும். நிறைந்த கேனை ஒருவர் தூக்கினால் நடுக் கைப்பிடி. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்கு ஒரு ஓரத்துக் கைப்பிடி. காலி கேன் என்றால் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒட்டி நிற்கும் ஓரக் கைப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒரே கையில் இரண்டு கேன். பெட்ரோல் நிறைந்தால் ஒரு கேன் கிட்டத்தட்ட 20 கிலோ, தண்ணீர் என்றால் இன்னும் கூட. ஆக, ஃபிகரின் கை எந்தக் கைப்பிடியில் இருக்கிறது என்று பார்த்தாலே உள்ளே எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். உடம்பும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்: நிறைகுடத்தை இடுப்பில் வைத்த பெண் எதிர்ப்பக்கம் சாய்வாளே, அந்தச் சாய்வு. அது இல்லாத ஃபிகர் என்றால் நான் இடுப்பில் ரம்பத்தால் வெட்டி, உள்ளே ஆப்பு மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைச் செருகி, இடைவெளியைப் புட்டி வைத்து மூடிவிடுவேன். அரைமணி நேர வேலைதான், ஆனால் மொத்த ஆளும் மாறிவிடுவான். இன்னொன்று, ஜெர்மன் படையில் வெள்ளைச் சிலுவை போட்ட கேன் தண்ணீருக்கானது. அதை டாங்கியின் எண்ணெய் வாயில் ஊற்றுகிற மாதிரி வைத்துவிடாதீர்கள்.

உட்கார்ந்த ஃபிகர்களில் பெரிய தலைவலி, அவர்கள் உட்காராமல் மிதப்பது. பேன்ட்டின் பின்பக்கம் உருண்டையாக வார்க்கப்பட்டிருக்கும், கீழே உள்ள பெட்டி தட்டை. நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழும். அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம், 1/35இல் அது நிஜத்தின் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்! நான் செய்வது இதுதான்: பெட்டி மேல் எபாக்ஸி புட்டியை மெல்லிசாகத் தேய்த்து, அதையே மடித்த தார்ப்பாய் மாதிரியோ கம்பளி மாதிரியோ வடித்துக்கொள்வேன். ஃபிகரின் அடியில் துளி வாசலின் தடவி, புட்டி இளக்கமாக இருக்கும்போதே அழுத்தி எடுத்துவிடுவேன். காய்ந்த பிறகு அந்த ஆளுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக வண்ணம் அடித்துக் கடைசியில் ஒட்டினால், கனத்தோடு உட்கார்ந்திருக்கிறான் என்று கண் நம்பும்.

சட்டையில்லாமல் சவரம் செய்கிற, குளிக்கிற ஃபிகர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பலர் அவர்களுக்கு உடம்பு முழுக்க ஒரே தோல் நிறத்தை அடித்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் சீருடையில் வெயிலில் கிடந்தவனுக்கு அப்படி இருக்காது. முகம், பின்கழுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்தோ கறுத்தோ இருக்கும்; நெஞ்சும் முதுகும் மேல்கையும் வெளுப்பு. கழுத்தில் சட்டைக் காலரின் கோடு தெரியும், நெற்றியில் தொப்பி உட்கார்ந்த இடத்துக்கு மேலே ஒரு வெளிர் பட்டை. இந்த நிற மாற்றத்தை எண்ணெய் வண்ணத்தில் செய்தால் விளிம்பை மெதுவாகக் கலக்கிவிட நேரம் கிடைக்கும், அக்ரிலிக் அதற்குள் காய்ந்துவிடும். பேன்ட்டைத் தோளில் மாட்டும் சஸ்பெண்டர் பட்டை தொங்கினால் அதை மட்டும் வார்ப்பில் வந்தபடி விடாமல், சீவி எடுத்துவிட்டு ஈயத்தாளில் வெட்டி ஒட்டுங்கள்.

பாலைவனக் காட்சி செய்கிறவர்களுக்கு ஒன்று. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை டீ போட்ட அடுப்பைப் பெங்காசி பர்னர் என்பார்கள். பெட்ரோல் வந்த மெல்லிய தகர டின்னை வெட்டி, மணலைப் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் கிளறிப் பற்றவைப்பது, அவ்வளவுதான். அந்தத் தகரம் ஒரே கறுப்பாக இருக்காது. தீ பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து துருவும் நீலமும் கலந்த நிறம், அதற்கு மேலே கரி, விளிம்பில் பழைய பச்சையோ மஞ்சளோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். டீக்காக வண்டியை விட்டு இறங்குவது ஆபத்து என்று போருக்குப் பிறகு செஞ்சுரியன் என்ற பிரிட்டிஷ் டாங்கி தொடங்கி டாங்கிக்குள்ளேயே வெந்நீர்ப் பாத்திரம் வைத்துவிட்டார்கள். அதனால் 1945க்கு முந்தைய டாங்கி என்றால் டீ வெளியேதான். உங்கள் டயோராமாவில் (காட்சி மாடலில்) ஆட்களை ஒன்று சேர்க்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அப்புறம், நான் சொல்ல நினைத்த சந்திப்பு. எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெரியவர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்கு வேறு விஷயமாக வந்தவர், மேஜையில் காய்ந்துகொண்டிருந்த ஃபிகர்களைப் பார்த்துவிட்டு நின்றார். டாங்கி எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மடியில் துப்பாக்கியைக் கிடத்திச் சாப்பிடுகிறவனைத்தான் பார்த்தார்.

“தம்பி, இதைச் செஞ்சவனுக்குப் பட்டாளம் தெரியும்” என்றார்.

“ஏன் சார்?”

“சோறு திங்கறப்பவும் துப்பாக்கி மேல உடம்பு பட்டுக்கிட்டே இருக்கு பாரு. அத எங்கயாவது சாத்தி வச்சிட்டுப் போக விடமாட்டாங்க. கொஞ்ச நாள்ல அது இல்லாம சாப்பாடு எறங்காது.”

பக்கத்தில் கடிதம் படிக்கிற ஒரு ஃபிகர் இருந்தது, தலையைக் குனிந்து, மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருப்பான். அதைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தார். “லெட்டர் வந்த உடனே ஒரு தடவ படிப்போம். அது நின்னுக்கிட்டே, வேகமா. வீட்ல எல்லாரும் உசுரோட இருக்காங்களான்னு மட்டும் பாக்கறது. அப்புறம் ராத்திரியோ எப்பவோ தனியாப் போய் உக்காந்து மறுபடி படிப்போம். இவன் ரெண்டாவது தடவ படிக்கிறான்” என்றார்.

அதற்குப் பிறகு எந்தச் செட்டை வாங்கினாலும், இந்த ஆள் இதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறேன். அது அடித்தளத்தில் எதை வைக்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. கடிதம் படிக்கிறவன் காலடியில் கிழித்த உறையைப் போடக் கூடாது, அது முதல் தடவை படித்த இடத்தில் கிடக்கும்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். இதே இழையில் எனக்கு முன் ஒருவர், ஜெர்மன் வீரர்கள் சீட்டாடுவதும் அக்கார்டியன் வாசிப்பதுமாகச் செய்வது அவர்களை நல்லவர்களாகக் காட்டுவது ஆகாதா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சண்டை இல்லாத ஃபிகர் என்பது புதிய விஷயமே இல்லை. 1930களில் ஜெர்மனியில் எலாஸ்டோலின், லினியோல் என்ற பெயர்களில் மரத்தூளும் பசையும் கலந்து கம்பியின் மேல் வார்த்த பொம்மைகள் விற்றன, ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கு. அவற்றில் முகாம் வாழ்க்கை ஒரு பெரிய பிரிவு: சமைக்கிறவன், சாப்பிடுகிறவன், இசைக்கருவி வாசிக்கிறவன். அதே அலமாரியில் கையைத் தூக்கி இறக்கக்கூடிய ஹிட்லர் பொம்மையும் இருந்தது. பட்டாளம் என்றால் நண்பர்களோடு ஊர்சுற்றுவது போல என்று பிள்ளைகளுக்குத் தோன்றினால் யாருக்கு லாபம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அமைதியான காட்சி என்பதாலேயே அதில் பிரச்சினை இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

என் அளவில் நான் வைத்துக்கொண்டது: எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) சீருடையில் இளைப்பாறும் செட்களை வாங்குவதில்லை. சாதாரண ஜெர்மன் வீரர்கள் என்றால், அவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள், அது யாருடைய வீடு என்பதை அடித்தளத்தில் காட்டிவிடுவேன். களச் சமையல் வண்டி செய்தபோது அப்படித்தான். கூலாஷ் பீரங்கி என்று அவர்களே கேலியாக அழைத்த வண்டி, குழம்பு அடிப்பிடிக்காமல் இருக்க இரட்டைச் சுவர்ப் பாத்திரத்துக்கு நடுவே கிளிசரின் ஊற்றியிருப்பார்கள், அருமையான பொறியியல். அதன் அடுப்புக்குப் பக்கத்தில் விறகாக நான் அடுக்கியது ஒரு ரஷ்ய வீட்டின் செதுக்கிய ஜன்னல் சட்டங்களை. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள் அதன் பிறகு சமையல்காரனின் சிரிப்பை வேறு மாதிரிதான் பார்க்கிறார்கள். நீங்கள் இதை ஏற்க வேண்டும் என்றில்லை, ஆனால் இந்தக் கேள்வியே வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு இந்தப் பெட்டிகளை நான் முன்பு மாதிரி திறப்பதில்லை. மினிஆர்ட்டும் ஐசிஎம்மும் கீவ் நகர நிறுவனங்கள். அங்கே ஏவுகணை விழுந்துகொண்டிருந்த காலத்திலும் புதிய கிட்கள் வந்துகொண்டிருந்தன. காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் சிப்பாயை அச்சில் வார்த்து உறையில் போட்டு அனுப்பியவருக்கு அந்தக் காட்சி பழைய வரலாறு கிடையாது. ஐசிஎம் உக்ரைன் படையின் கண்ணிவெடி அகற்றும் வீரர்களையே 1/35 செட்டாகக் கொண்டுவந்துவிட்டது. தாமதமாகிறது, விலை ஏறிவிட்டது என்று சிலர் இங்கே குறைப்பட்டுக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து நான் செய்ய நினைப்பது இந்தியப் படை. இரண்டாம் உலகப் போரில் 4வது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சேப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு) எரித்ரியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியின் காசினோவிலும் பாதை போட்டார்கள், கண்ணிவெடி எடுத்தார்கள். அவர்கள் வேலை முடிந்து உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி வேண்டும். நான் தேடிய வரை பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு செட் கிடைக்கவில்லை, அதனால் வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட பிரிட்டிஷ் 8வது ஆர்மி ஃபிகர்களின் அரைக்கால் சட்டை உடம்பைத்தான் மாற்றியமைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஐரோப்பிய செட்களில் எல்லாரும் பெட்டி மேலோ டின் மேலோ உட்காருகிறார்கள், இல்லையென்றால் காலை நீட்டிச் சாய்கிறார்கள். குதிகால் தரையில் பட, முழங்கால் அக்குளுக்குக் கிட்டே வர, நம்மாட்கள் குந்துவது போல ஒரு ஃபிகர்கூட என் கையில் இல்லை. வியட்நாம் போர் செட்களின் கால்களை எடுத்து ஒட்டலாமா, இல்லை முழங்காலிலும் இடுப்பிலும் வெட்டிக் கம்பி கொடுத்து மடக்கலாமா என்று பார்க்கிறேன். வெட்டினால் தொடை நீளம் குறைகிறது, அரைக்கால் சட்டையின் மடிப்பையும் முழுக்கப் புட்டியில் மறுபடி செதுக்க வேண்டியிருக்கும். யாராவது செய்திருந்தால் எந்த செட்டின் கால்கள் ஒத்துவந்தன என்று படத்தோடு எழுதுங்கள்.