'சின்ன வயசுல' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி
வயலின் கலைஞர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் சிறு அறிமுகம் எழுதுகிறேன். மூன்று வாக்கியங்களில் தடுமாற்றம்: "சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார்", "சிறு வயதில் வயலின் கற்கத் தொடங்கினார்", "சிறு வயதிலிருந்தே மேடையில் வாசித்து வருகிறார்". 'அட் அன் ஏர்லி ஏஜ்', 'இன் ஏர்லி லைஃப்', 'ஏர்லி இன் லைஃப்' எல்லாம் ஒன்றுதானா? 'இன் ஹிஸ் ஸ்மால் ஏஜ்' தவறு என்கிறார்கள், ஏன்?

பதில் 1
'ஏஜ்' என்ற சொல்லோடு 'ஏர்லி', 'யங்', 'டெண்டர்' சேரும், 'ஸ்மால்' சேராது. அது 'சின்ன வயசு' என்பதன் நேர்பெயர்ப்பு. ஆனால் ஆளைச் சொல்லும்போது, 'வென் ஹி வாஸ் ஸ்மால்' என்பது பேச்சில் சரியே.

தமிழில் 'வயதில்' என்ற ஒரே வடிவம், ஒரு குறிப்பிட்ட வயதையும் சொல்லும், பல ஆண்டுகள் நீண்ட பருவத்தையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. வயது என்றால் 'அட்': 'ஹி பிகான் த வயலின் அட் அன் ஏர்லி ஏஜ்'. இதில் 'அன்' விடுபடக் கூடாது. வயது தெரிந்தால் 'அட் த ஏஜ் ஆஃப் சிக்ஸ்', அல்லது வெறும் 'அட் சிக்ஸ்'. 'இன் த ஏஜ் ஆஃப்' என்று எழுதினால் 'அந்த யுகத்தில்' என்று பொருள் மாறிவிடும். பருவம் என்றால் 'இன்': 'இன் சைல்ட்ஹுட்', 'இன் ஹிஸ் ஏர்லி லைஃப்'. பொதுவாகச் சொல்லும்போது 'இன் ஏர்லி லைஃப்' போதும், முன்னால் 'த' வேண்டாம். 'ஏர்லி இன் லைஃப்' பொருளில் இதற்கு மிக நெருக்கம். ஆனால் இரண்டுமே குழந்தைப் பருவத்தோடு நிற்பதில்லை, இருபது வயதுக்கும் பொருந்தும். ஆறு வயதைச் சொல்ல அவை மிகவும் தளர்வானவை.

பதில் 2
உங்கள் முதல் வாக்கியத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 'ஹிஸ் ஃபாதர் டைட் அட் அன் ஏர்லி ஏஜ்' என்று எழுதினால், தந்தை இளமையிலேயே இறந்தார் என்றுதான் படிப்பார்கள். அந்த வயது எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். எழுவாயை மாற்றுங்கள்: 'ஹி லாஸ்ட் ஹிஸ் ஃபாதர் அட் அன் ஏர்லி ஏஜ்'. வயது தெரிந்தால் 'ஹிஸ் ஃபாதர் டைட் வென் ஹி வாஸ் சிக்ஸ்' இன்னும் தெளிவு.

'ஆஸ் எ சைல்ட்' பயன்படுத்தும்போதும் இதே கண்ணிதான். 'ஆஸ் எ சைல்ட், ஹிஸ் அங்கிள் டாட் ஹிம்' என்றால் குழந்தையாக இருந்தவர் மாமா! 'ஆஸ் எ சைல்ட், ஹி லேர்ன்ட் ஃப்ரம் ஹிஸ் அங்கிள்' என்று திருப்பினால் சரியாகிவிடும்.

பதில் 3
மூன்றாவது வாக்கியத்துக்குக் காலம் முக்கியம். 'வாசித்து வருகிறார்' என்பது இன்றும் தொடர்கிறது, எனவே 'ஹி ஹாஸ் பெர்ஃபார்ம்ட் ஃப்ரம் அன் ஏர்லி ஏஜ்'. 'சின்ஸ் சைல்ட்ஹுட்' போட்டாலும் 'ஹாஸ் பெர்ஃபார்ம்ட்' அப்படியே இருக்கும். நாம் அதிகம் தவறுவது இங்கேதான்: 'ஹி இஸ் பெர்ஃபார்மிங் சின்ஸ் சைல்ட்ஹுட்' தவறு. கலைஞர் மறைந்திருந்தால் 'ஹி பெர்ஃபார்ம்ட் ஃப்ரம் அன் ஏர்லி ஏஜ்'.

'ஆறு வயதுச் சிறுவன்' என்று எழுத நேர்ந்தால் 'எ சிக்ஸ்-இயர்-ஓல்ட் பாய்'. 'இயர்ஸ்' என்று பன்மை வராது, சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு வரும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. முதல் வாக்கியத்தை மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்று: "சின்ன வயதில் கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தார்" என்பதற்கு 'ஏர்லி ஆன், ஹி வுட் பீ ஷை' சரியா?

பதில் 2
இரண்டு இடத்தில் பிசகு. 'ஏர்லி ஆன்' எந்த ஒன்றின் தொடக்கத்தையும் குறிக்கும். கலைஞரின் அறிமுகத்தில் அதை இசைவாழ்வின் தொடக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். 'வுட்' மீண்டும் மீண்டும் நடந்த செயலுக்கு வரும், கூச்சம் போல நீடித்த இயல்புக்கு வராது. 'ஹி வுட் ப்ராக்டிஸ் ஃபார் அவர்ஸ்' சரி. இங்கே 'ஹி வாஸ் ஷை ஆஸ் எ சைல்ட்' போதும். இன்று அப்படி இல்லை என்பதையும் உணர்த்த வேண்டுமென்றால் 'ஹி யூஸ்ட் டு பீ ஷை' எழுதலாம்.