ஆஸ்திரேலியாவில் எங்கே கோட்டை விட்டோம்?

கேள்வி: 2018-19, 2020-21 இரண்டு முறையும் அங்கே போய் டெஸ்ட் கிரிக்கெட் தொடரை 2-1 என்று வென்றோம். 2024-25ல் பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து ஆரம்பித்தும் 3-1 என்று தோற்றோம். பும்ரா 32 விக்கெட் எடுத்தும் இப்படி ஆனதில் மனசு இன்னும் ஆறவில்லை. என்ன காரணம்?

பதில் 1: பேட்டிங்தான். 2018-19ல் புஜாரா 521 ரன் அடித்ததை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் 1258 பந்துகள் நின்று ஆடினாரே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். அங்கே பயன்படுத்தும் கூக்கபுரா பந்து புதிதாக இருக்கும்வரைதான் ஆபத்து, தையல் அமுங்கிவிட்டால் ரன் தானாக வரும், அதுவரை வெளியே போகிற பந்தை விட்டுவிடப் பொறுமை வேண்டும். கோலியே ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மட்டையை நீட்டித் திரும்பத் திரும்ப பின்னால் கேட்ச் கொடுத்தார்.

பதில் 2: பாதிதான் ஒத்துக்கொள்வேன். பும்ராவுக்குத் துணை இல்லை. சிட்னியில் முதுகுப் பிடிப்பால் கடைசி இன்னிங்ஸில் அவர் பந்து போடவே இல்லை, ஆஸ்திரேலியா 162 ரன் இலக்கை எட்டிவிட்டது. ஆனால் 2021 பிரிஸ்பேனில் பும்ரா, அஸ்வின், ஜடேஜா மூவருமே இல்லை. நம்ம நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமாகி ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள், அப்புறம் நாம் 186 ரன்னுக்கு 6 விக்கெட் என்று இருந்தபோது சுந்தரும் ஷர்துலும் 123 ரன் சேர்த்தார்கள். 1988க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா தோற்காத அந்த மைதானத்தில் ஜெயித்தோம்!

கேள்வி கேட்டவர்: சரி, அந்த பிரிஸ்பேனுக்கு முந்தைய 2021 சிட்னி டெஸ்டை மறக்க முடியுமா? முதுகு வலியோடு அஸ்வின் 128 பந்து, தொடைத் தசை பிடித்துக்கொண்ட விஹாரி 161 பந்து ஆடி டிரா செய்தார்கள். அந்தப் பிடிவாதத்தைத்தான் இந்த முறை தேடினேன்.