சிகாகோ சோளம் இறங்குகிறது, கப்பல் குறியீடு ஏறுகிறது: வாராவாரம் எதைப் பார்ப்பது?

தீவனமில்_நாமக்கல்

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு தீவன மில்லில் கொள்முதல் பார்க்கிறேன். முட்டைக்கோழித் தீவனம்தான். மக்காச்சோளமும் சோயா பிண்ணாக்கும் போக மீதி எல்லாம் சில்லறைச் செலவு. முதலாளிக்கு இப்போது ஒரு புதுப் பழக்கம்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் உலகச் சந்தை இந்த வாரம் எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்கிறார். நானும் சிகாகோ முன்பேரச் சந்தையின் சோளம் (மக்காச்சோளம்தான்), அங்கேயே சோயா, சர்வதேச தானிய கவுன்சிலின் விலைக் குறியீடு, கப்பல் வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீடு என்று நாலையும் எடுத்து, போன வாரத்தைவிட எத்தனை சதவீதம் ஏற்றம், எத்தனை சதவீதம் இறக்கம் என்று கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

அதற்கு அப்புறம் அவர் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் இல்லை. "சோளம் ரெண்டு சதவீதம் இறங்கியிருக்கு, கப்பல் பன்னெண்டு சதவீதம் ஏறியிருக்கு, அப்ப நமக்கு நல்லதா கெட்டதா?" தானியம் விலை இறங்கினால் கப்பல் கூலியும் கூடவே இறங்க வேண்டாமா? இதில் நம்ம ஊர் மண்டி விலை இந்த இரண்டையுமே மதிக்காமல் தன் பாட்டுக்குப் போகிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது, எந்த எண்ணை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கப்பல்காரன்

சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் வாடகைக்குப் பேசிவிடுகிற வேலையில் இருக்கிறேன், அதனால் கப்பல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த பால்டிக் குறியீட்டை ஓரமாக வையுங்கள். செய்தியில் வருகிற அந்த ஒற்றை எண்ணில் 40 சதவீதம் கேப்சைஸ், 30 பனாமாக்ஸ், 30 சூப்ராமாக்ஸ். 2018 முதல் இதுதான் கலவை. கேப்சைஸ் என்பது பிரேசிலில் இருந்தும் ஆஸ்திரேலியாவில் இருந்தும் சீனாவுக்கு இரும்புத்தாது அள்ளிப் போகிற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல், அதில் சோளம் ஏறுவது அபூர்வம். சீன உருக்காலைகள் ஒரு வாரம் கொஞ்சம் கூடுதலாகத் தாது கேட்டாலே குறியீடு பன்னிரண்டு சதவீதம் துள்ளிவிடும், உங்கள் கோழிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தானியம் போவது பெரும்பாலும் அறுபது எழுபதாயிரம் டன் ஏற்றும் பனாமாக்ஸிலும், தனக்கென்று சொந்தக் கிரேன் வைத்திருக்கும் சூப்ராமாக்ஸிலும். அந்தக் குறியீட்டைப் போடும் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் இந்த இரண்டுக்கும் தனித்தனி எண் தருகிறது, அதை எடுங்கள். தானிய கவுன்சிலும் தானியம் போகிற பாதைகளை மட்டும் வைத்து ஒரு கப்பல் கட்டணக் குறியீடு போடுகிறது, உங்கள் வேலைக்கு அது இன்னும் பொருத்தம். ஒன்று கவனியுங்கள், அதற்கு 2013 ஜனவரி = 100, அதே கவுன்சிலின் விலைக் குறியீட்டுக்கு 2000 ஜனவரி = 100. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது, சதவீதத்தை விட்டுவிட்டு டன்னுக்கு எத்தனை டாலர் என்று எழுதுங்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். பனாமாக்ஸ் நாள் வாடகை 15,000 டாலர், போய் இறக்கி முடிய 45 நாள், சரக்கு 66,000 டன். வாடகை மட்டும் டன்னுக்கு 10 டாலர் சொச்சம். எரிபொருள் நாளுக்கு 30 டன், டன் 600 டாலர் என்றால் அது டன்னுக்கு 12 டாலர் சொச்சம். துறைமுகச் செலவு தனி. இப்போது வாடகை 15,000-லிருந்து 20,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், செய்தியில் "கப்பல் வாடகை 33 சதவீதம் எகிறியது" என்று வரும், உங்கள் டன்னுக்கு ஏறுவது மூன்றரை டாலருக்கும் குறைவு. சோளத்துக்கும் இதே மாதிரி மாற்றுங்கள்: சிகாகோவில் சோளம் ஒரு புஷல் 25.4 கிலோ, ஒரு டன்னுக்கு 39.37 புஷல். ஆக புஷல் 4.50 டாலர் என்றால் டன் 177 டாலர். அதில் இரண்டு சதவீத இறக்கம் என்பதும் மூன்றரை டாலர்தான். உங்கள் முதலாளி கேட்ட இரண்டு, பன்னிரண்டு இரண்டையும் இப்படி டாலராக்கிப் போட்டால் அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

தானியம் இறங்கினால் கூலியும் இறங்க வேண்டாமா என்றால், வேண்டியதில்லை. சில சமயம் நேர் எதிராகவே போகும். 2023 கடைசியில் பனாமாவில் மழை பொய்த்து, பனாமா கால்வாய்க்குத் தண்ணீர் தரும் காதூன் ஏரி வற்றியது. நாளுக்கு முப்பத்தாறு கப்பல் போகிற கால்வாயில் இருபத்து நாலுக்குக் குறைத்தார்கள். கன்டெய்னர் கம்பெனிகள் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருக்கும், தானியக் கப்பல்கள் அப்படிச் செய்வது குறைவு, அதனால் வரிசையில் கடைசியில் நின்றது அவைதான். அந்த நவம்பரில் ஒரே ஒரு கப்பல் கடந்து போகும் இடம் ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது, தானியம் ஏற்றியவன் அந்த விலைக்கு எங்கே போவான்? சரி, சூயஸ் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று அமெரிக்காவின் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் இருந்து ஆசியாவுக்குக் கிளம்பினால், அதே மாதம் செங்கடலில் தாக்குதல் தொடங்கிவிட்டது, அதற்கு அப்புறம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினார்கள். பயணம் நீண்டால் அத்தனை நாளும் கப்பல் கடலில் மாட்டிக்கொண்டிருக்கும், சந்தையில் காலிக் கப்பல் குறையும், வாடகை ஏறும். அதே நேரத்தில் சிகாகோ சோளம்? அமெரிக்காவில் விளைச்சல் அமோகம், 2024 பிப்ரவரியில் மூன்று வருடத்துக்கு மேல் காணாத அடிமட்டத்துக்கு வந்து நாலு டாலர் அருகில் நின்றது.

சும்மாஇருவன்

இவ்வளவும் எழுதி முதலாளியிடம் கொடுப்பீர்கள், அவர் படித்துவிட்டு மண்டி புரோக்கருக்குப் போன் போட்டு "என்னய்யா ரேட்டு" என்று கேட்டு வாங்குவார். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

தீவனமில்_நாமக்கல்

@சும்மாஇருவன் அதுவும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் புரோக்கர் சொல்கிற ரேட்டு சரியா என்று கேட்பதற்காவது கையில் ஏதாவது வேண்டுமே.

@கப்பல்காரன் அண்ணே, அந்த மூன்றரை டாலர் கணக்கு ஒன்றுக்கே இந்த வாரப் பக்கம் நிறைந்துவிடும். மிக்க நன்றி.

எண்ணெய்_வியாபாரி

சென்னையில் சமையல் எண்ணெய் இறக்குமதியில் இருக்கிறேன், உங்கள் தீவனத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் எண்ணெய்வித்து என்று எடுத்துவிட்டால் இதைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் தொழிலில் கப்பல் கூலியை விடப் பெரிய அலை டெல்லியில் இருந்து வருவது. 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்க்கான மொத்த வரி 5.5 சதவீதத்தில் இருந்து 27.5 சதவீதம் ஆனது. டன் 1,000 டாலர் என்றால் ஒரே ராத்திரியில் 220 டாலர். கப்பல்காரன் சொன்ன மூன்றரையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் 2025 மே கடைசியில் 16.5 ஆக்கினார்கள். வரி எந்தத் தேதிக் கணக்கு என்றால் சரக்கு வாங்கிய தேதி கிடையாது, சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் படிவம் போடும் தேதி, முன்னாலேயே போட்டிருந்தாலும் கப்பல் உள்ளே வந்ததாகப் பதிவாகிற நாள்தான் கணக்கு. அதனால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற சரக்குக்கும் இது விழும். போதாக்குறைக்கு, பாமாயிலுக்கும் சோயா எண்ணெய்க்கும் அந்த வரியை எந்த மதிப்பின் மேல் போடுவது என்பதையே சுங்க வாரியம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவிக்கும். பதினைந்தாம் தேதியும் மாதக் கடைசியும் சாயங்காலம் ஆபீசில் எல்லோரும் அந்த அறிவிப்புக்காகத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், டீ ஆறிப்போகும்.

ஏற்றுமதி செய்கிற நாட்டுத் தலைநகரமும் இதே வேலையைச் செய்யும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 அன்று திறந்துவிட்டது. மலேசிய முன்பேரச் சந்தையில் அந்த வருடம் 7,000 ரிங்கிட்டைத் தாண்டிய விலை செப்டம்பர் கடைசியில் அதில் பாதிக்கும் கீழே. நடுவில் மாட்டிய சரக்கை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள்.

திருகோணமலையான்

இலங்கையில் இருந்து ஒரு வார்த்தை. இங்கே கோதுமை விளைவதே இல்லை, ஒவ்வொரு இறாத்தல் பாணும் கப்பலில் வந்ததுதான், அதனால் இந்த வாராந்திர விலைகளை எங்கள் ஊர் பேக்கரிக்காரரும் ஒரு கண் பார்ப்பார். 2022 மார்ச்சில் உக்ரைன் போரால் சிகாகோ கோதுமை புஷல் 13 டாலரைத் தாண்டியது, ஓகஸ்டுக்குள் போருக்கு முந்தைய விலைக்கே இறங்கி வந்துவிட்டது. குறியீட்டை மட்டும் பார்த்தவனுக்குப் பிரச்சினை முடிந்த மாதிரித்தான் தெரிந்திருக்கும். எங்களுக்கு முடியவில்லை. ஏனென்றால் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ஆகிவிட்டது. டொலரில் இறங்கினது ரூபாயில் இறங்கவே இல்லை. இடையில் மே 13 அன்று இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது, பக்கத்து நாட்டில் இருந்து கொஞ்சம் வரும் என்கிற நம்பிக்கையும் போயிற்று. ஆகவே தம்பி, உங்கள் கட்டத்தில் டொலர் விலைக்கு ஒரு வரிசை இருந்தால் நாணய மாற்று விலைக்கும் ஒரு வரிசை போடுங்கள். இந்திய ரூபாய் அப்படி விழாது என்று நினைத்து விடாதீர்கள், மெல்ல மெல்ல விழுந்தாலும் கணக்குக் கணக்குத்தான்.

உடுமலை_பிராய்லர்

எல்லோரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் நாமக்கல்காரர் கேட்ட கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. நம்ம மண்டி ஏன் சிகாகோவை மதிப்பதில்லை?

சிகாகோ சோளம் நாமக்கல்லுக்கு வரவே முடியாது, அதனால்தான். அமெரிக்கச் சோளம் பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்டது, நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடையாது. அனுமதி உள்ள சோளத்துக்கும் சாதாரண இறக்குமதி வரி 50 சதவீதம். 2024-இல் ஐந்து லட்சம் டன் வரை 15 சதவீத வரியில் கொண்டுவரலாம் என்று ஒரு கதவைத் திறந்தார்கள். அந்த வருடம் வந்த சோளம் முக்கியமாக மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும். ஆக உங்களுக்கு வெளிநாட்டு விலை வேண்டும் என்றால் சிகாகோவை விடக் கருங்கடல் விலையும் மியான்மர் விலையும்தான் அருகில் வரும்.

உள்ளூரில் விலையை ஏற்றியது பெட்ரோலில் கலக்கிற எத்தனால். 2023 டிசம்பரில் கரும்புச்சாறில் எத்தனால் எடுப்பதற்குக் கடிவாளம் போட்டுவிட்டு, அடுத்த மாதம் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய் என்று விலையை உயர்த்தினார்கள். வடிப்பாலைக்காரன் அந்த விலையை வைத்துக்கொண்டு மண்டியில் வந்து நின்றால் கோழிக்காரன் என்ன செய்வான்? அதுவரை சோளம் ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்கிற நாடாக ஆனது அப்படித்தான். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: சோளத்தில் எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சுகிற டிடிஜிஎஸ் தீவனச் சந்தையில் வந்து குவிந்தது, அது சோயா பிண்ணாக்கின் இடத்தைப் பிடித்தது, அதனால் 2024-25 பருவத்தில் சோயா பல மண்டிகளில் ஆதரவு விலையான குவிண்டால் 4,892 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. சோளத்தில் விட்டதைக் கொஞ்சம் பிண்ணாக்கில் பிடித்தோம் என்று சொல்லலாம்.

பிண்ணாக்கில் சிகாகோவுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு, ஏனென்றால் சோயா சந்தையான இந்தூரில் இருந்து பிண்ணாக்கு ஏற்றுமதி ஆகிறது, வெளிநாட்டு விலை இறங்கினால் ஏற்றுமதி நின்று சரக்கு உள்ளேயே தங்கும். சிகாகோவில் பிண்ணாக்கு விலையை ஷார்ட் டன்னில் சொல்வார்கள், 907 கிலோ, அதை அப்படியே டன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே 300 டாலர் என்றால் நம் டன்னுக்கு 331 டாலர் வரும். 2021-இல் இந்தூரில் சோயா குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டியபோது, மரபணு மாற்றிய சோயாவின் பிண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் சிகாகோ, கப்பல் கூலி, டாலர் எல்லாமே நம் கோழிக்கு நேரடியாக வந்து சேர்ந்தது. அப்படி ஒரு நாள் திரும்ப வரும் என்பதற்காகத்தான் நானும் வாராவாரம் பார்த்து வைக்கிறேன். மற்ற வாரங்களில் எத்தனால் டெண்டரையும், கர்நாடகத்தில் தாவணகெரே பக்கம் சோள வரத்து எப்படி என்பதையும் முதலில் எழுதுங்கள், சிகாகோ கீழே ஒரு வரி போதும்.

இன்னொன்று, அமெரிக்க விவசாயத் துறையின் மாதாந்திர அறிக்கை வருகிற வாரத்தை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தின் பத்து, பன்னிரண்டாம் தேதி வாக்கில், நம் நேரம் இரவு ஒன்பதரை, அங்கே குளிர்காலம் என்றால் பத்தரை. மற்ற மூன்று வாரம் ஏறி இறங்குவதை இது ஒரே ராத்திரியில் கலைத்துப் போட்டுவிடும்.

தீவனமில்_நாமக்கல்

இதை எல்லாம் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. ஒருவேளை நாங்கள் நாலைந்து மில் சேர்ந்து உக்ரைன் சோளம் ஒரு கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவருகிறோம் என்று வையுங்கள், விற்பவன் கப்பல் கூலி சேர்த்து ஒரு விலை சொல்லிவிடுகிறான். அதற்கு மேல் எங்கே அடி விழும்?

கப்பல்காரன்

இறக்குகிற இடத்தில். ஒப்பந்தத்தில் நாளுக்கு இத்தனை ஆயிரம் டன் இறக்க வேண்டும் என்று இருக்கும், அதற்கு மேல் கப்பல் நின்றால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம், நாள் வாடகைக்கு ஒட்டியே வரும், நாலைந்து நாள் இழுத்தால் பனாமாக்ஸ் அளவில் அறுபது எழுபதாயிரம் டாலர் சாதாரணமாகப் போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் கொண்டுவந்தீர்கள் என்றால் மேகம் கறுத்தவுடன் சரக்கறையின் ஹேட்சை மூடிவிடுவார்கள், நனைந்த சோளத்தில் பூஞ்சை பிடித்தால் கோழிக்கு ஆகாது. மழை பெய்கிற நேரம் இறக்குகிற கணக்கில் சேருமா சேராதா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் தெளிவாக எழுதி வாங்குங்கள், வார்த்தையாகச் சொன்னது செல்லாது. கப்பல் வந்து வெளியே இடத்துக்குக் காத்திருக்கிற நாள் யார் தலையில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் லாரி. இறக்குகிற வேகத்துக்கு லாரி கிடைக்காமல்தான் பாதிக் கப்பல் நிற்கிறது, பேங்க் பேப்பரைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பேசி வையுங்கள்.